மண்ணும் மானமும்: பள்ளித் தோட்டம் உணர்த்தும் வரலாறு

ஆடிப் பட்டம் நெருங்கிவிட்டது. நம் கழகத்தின் உயர்நிலைப் பள்ளிக்குப் பின்புறம் உள்ள 20 சென்ட் நிலத்தில் காய்கறித் தோட்ட மன்றத்து மாணவ மாணவியர் மாலைதோறும் கூடுகின்றனர். சீமைக் கருவேல முட்களை வெட்டி அகற்றியாயிற்று. கோடை மழையின் ஈரத்தில் நிலம் ஒரு முறை கொத்திப் புரட்டப்பட்டுள்ளது. தொழு உரம் ஒரு மூலையில் குவிந்திருக்கின்றது. கத்தரிக்கும் மிளகாய்க்கும் நாற்றங்கால் எங்கே அமைப்பது, வெண்டையை எத்தனை வரிசை ஊன்றுவது, கிணற்று நீரை எவ்வாறு பங்கிடுவது என்று அவர்கள் தங்களுக்குள் வாதிடுவதைக் காணும்போது நம் உள்ளம் மகிழ்கின்றது.

ஆயினும், இம்மன்றம் தொடங்கப்பெற்ற நாளில் நடந்த ஒன்றை நாம் மறக்கவில்லை. அன்று கூடிய பெற்றோர் கூட்டத்தில் முதியவர் ஒருவர் எழுந்தார். “ஐயா, எங்க பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து அடுத்தவன் நிலத்திலே மண்வெட்டி பிடிச்சோம். பிள்ளை பேனா பிடிக்கணும்னுதான் பள்ளிக்கூடம் அனுப்பினோம். இங்கேயும் மண்வெட்டியையே கையிலே கொடுக்கிறீங்களே, இது நியாயமா?” என்று கேட்டு அமர்ந்தார். அவையில் எவரும் உடனே விடை கூறவில்லை. கூற இயலவில்லை என்பதே உண்மை.

அப்பெரியவரின் கேள்வியை அறியாமை என்று ஒதுக்குவோமாயின், நாம் நம் வரலாற்றையே ஒதுக்கியவர்கள் ஆவோம். அக்கேள்விக்கு உரிய மதிப்பளித்து, வரலாற்றின் துணையோடு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கேள்வியின் வேர்

நம் முன்னோர் நிலத்தோடு வாழ்ந்தவர்கள். ஆனால், நிலத்தை உடையவர்களாக வாழவில்லை. நடவு நட்டதும், களை பறித்ததும், கதிர் அறுத்ததும், களத்தில் போரடித்ததும் அவர்கள் கைகளே. நெல் சென்று சேர்ந்த இடமோ வேறு. மிராசு உரிமை நிலவிய ஊர்களில் உழுதவனுக்கு நிலம் இல்லை என்பதோடு அவன் குடியிருந்த மனைக்குங்கூட உறுதி இல்லை. 1891இல் செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராகப் பொறுப்பு வகித்த திரெமென்ஹீர் என்னும் ஆங்கிலேயர் அம்மாவட்டத்துத் தாழ்த்தப்பட்ட மக்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார். இம்மக்களுக்கு நிலமும் குடிமனை உரிமையும் கிடைத்தாலன்றி அவர்கள் வாழ்வு உயராது என்பதே அவ்வறிக்கையின் சாரம். அதன் பயனாக 1892ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் பிறந்த அரசாணையே பஞ்சமி நிலங்களுக்கு அடிப்படை ஆயிற்று.

அந்நிலங்கள் நிபந்தனையோடு வழங்கப்பட்டன. முதல் பத்து ஆண்டுகளுக்கு அவற்றை விற்கவோ, அடமானம் வைக்கவோ, தானம் செய்யவோ, குத்தகைக்கு விடவோ கூடாது. அதன் பின்னரும் தாழ்த்தப்பட்ட மக்களுக்கன்றிப் பிறருக்குக் கைமாற்றலாகாது. இவ்வாறு சென்னை மாகாணத்தில் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் ஒதுக்கப்பட்டதாகக் கூறப்படுகின்றது. காகிதத்தில் இருந்த நிலம் காலில் மிதிபடும் நிலமாக எத்தனைப் பேருக்கு நிலைத்தது? கடனுக்கும், மிரட்டலுக்கும், எழுத்தறியாமைக்கும் இரையாகிப் பெரும்பகுதி பிறர் கைக்குச் சென்றது. 1994இல் செங்கல்பட்டை அடுத்த காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கக் கோரிய போராட்டத்தில் காவல்துறையின் துப்பாக்கிக்கு இருவர் உயிரீந்தனர். நூற்றாண்டு கடந்தும் அவ்வரசாணை முழுமை பெறவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

நிலம் இல்லாத உழைப்பின் முடிவு என்ன என்பதைக் கீழவெண்மணி காட்டிற்று. கூலி உயர்வு கேட்டுப் போராடிய தஞ்சை மண்ணில், 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு, ஒரே குடிசைக்குள் 44 உயிர்கள் தீக்கிரையாயின. அவர்களுள் பெண்களும் குழந்தைகளுமே மிகுதி.

கல்வியின் பெயரால் வந்த ஆபத்தையும் நாம் கண்டுள்ளோம். 1953இல் அன்றைய முதலமைச்சர் இராசகோபாலாச்சாரியார் தொடக்கக் கல்வித் திட்டம் ஒன்றைக் கொணர்ந்தார். சிற்றூர்ப் பள்ளிகளில் நாள்தோறும் மூன்று மணி நேரமே படிப்பு. எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். குயவர் மகன் சக்கரத்திற்கும், பண்ணையாள் மகன் பண்ணைக்கும் திரும்பும் வழியே இது என்று உணர்ந்த மக்கள் அதனைக் குலக்கல்வித் திட்டம் என்றழைத்து எதிர்த்தனர். 1954இல் காமராசர் ஆட்சிப் பொறுப்பேற்றபின் அத்திட்டம் கைவிடப்பட்டது.

இத்தனையும் கண்ட ஒரு சமுதாயத்தின் முதியவர், தம் பேரன் கையில் மண்வெட்டியைப் பார்த்ததும் அஞ்சினார் எனில் அவ்வச்சம் பொருளற்றது ஆகுமோ? ஆகாது.

கடல் கடந்த உடன்பிறப்புகள்

இதே கேள்வியை நமக்கு முன்னரே எதிர்கொண்ட மக்கள் உலகில் உண்டா? உண்டு. அமெரிக்க நாட்டின் தென்பகுதியில் அடிமைகளாய்ப் பருத்திக் காட்டில் உழன்று, 1865இல் சட்டத்தால் விடுதலை பெற்ற கறுப்பின மக்களே அவர்கள். அவர்களோடு நமக்குள்ள உறவு புதியதன்று. மகாத்மா சோதிபா புலே 1873இல் வெளியிட்ட ‘குலாம்கிரி’ என்னும் தம் நூலை, அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குக் காணிக்கை ஆக்கினார். அண்ணல் அம்பேத்கர் 1946இல் கறுப்பின அறிஞர் டு பாய்ஸுக்கு மடல் எழுதி, அவர்கள் நிலையும் நம் நிலையும் ஒத்திருப்பதைச் சுட்டினார். 1959இல் மார்ட்டின் லூதர் கிங் இந்தியா வந்தபோது, திருவனந்தபுரத்தில் நம் மக்களின் பிள்ளைகள் பயின்ற ஓர் உயர்நிலைப் பள்ளிக்குச் சென்றார். அப்பள்ளியின் தலைமை ஆசிரியர், அமெரிக்காவிலிருந்து வந்துள்ள தீண்டப்படாதவர் என்றே அவரை மாணவர்க்கு அறிமுகம் செய்தார். முதலில் திடுக்குற்ற கிங், பிறகு எண்ணிப் பார்த்து, ஆம், தாமும் தம் மக்களும் அத்தகையோரே என்று தெளிந்ததாகப் பின்னாளில் எடுத்துரைத்தார்.

எனவே, அவர்கள் பள்ளித் தோட்டத்தில் நடந்தவற்றை அறிவது நமக்கு வேற்றார் கதை அன்று.

கோடரி ஏந்திய ஆசிரியர்

புக்கர் டி. வாஷிங்டன் 1856இல் விர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்தவர். கற்றுத் தேர்ந்து ஆசிரியரான அவர், 1881 ஜூலை 4ஆம் நாள் அலபாமா மாநிலத்து டஸ்கிகீ என்னும் ஊரில் ஏறத்தாழ 30 மாணவர்களைக் கொண்டு ஒரு பள்ளியைத் தொடங்கினார். கட்டடம் என்று சொல்லத்தக்கது அங்கே இல்லை. தேவாலயத்தை ஒட்டிய, மழைக்கு ஒழுகும் குடில் ஒன்றே வகுப்பறை. பின்னர் அண்மையில் பாழாய்க் கிடந்த பழைய பண்ணை ஒன்றைக் கடன் பெற்று வாங்கினார். 100 ஏக்கர் கொண்ட அந்நிலத்தின் விலை 500 டாலர். அங்கிருந்த குதிரைக் கொட்டிலும் கோழிக் கூடும் வகுப்பறைகள் ஆயின.

நிலத்தைத் திருத்திப் பயிரிட வேண்டும் என்று அவர் கூறியபோது மாணவர்கள் முகம் சுளித்தனர். அவர்களுள் பலர் ஏற்கெனவே சிற்றூர்ப் பள்ளிகளில் ஆசிரியராய் இருந்தவர்கள். காடு வெட்டுவதற்கும் கல்விக்கும் என்ன தொடர்பு என்பதே அவர்கள் எண்ணம். நம் பெற்றோர் கூட்டத்தில் எழுந்த அதே கேள்வி! வாஷிங்டன் வாதம் செய்யவில்லை. நாள்தோறும் பள்ளி முடிந்ததும் தாமே கோடரியைத் தோளில் ஏந்திக் காட்டை நோக்கி முன்னே நடந்தார். ஆசிரியர் வேலைக்கு அஞ்சவும் இல்லை, நாணவும் இல்லை என்று கண்ட மாணவர்கள் ஒவ்வொருவராய்ப் பின்தொடர்ந்தனர். ஏறத்தாழ 20 ஏக்கர் திருந்திற்று. பயிரும் விளைந்தது.

இதனை ஆழ்ந்து நோக்க வேண்டும். அம்மாணவர்கள் வெட்டியது எசமானனின் காடு அன்று. தங்கள் பள்ளியின் காடு. மேற்பார்வையிடச் சாட்டையோடு எவனும் நிற்கவில்லை. ஆசிரியரே முதல் ஆளாக நின்றார். வேலை அதுவே. அதன் பொருளோ முற்றிலும் மாறிவிட்டது.

டு பாய்ஸின் மறுப்பு

ஆயினும் வரலாற்றை ஒரு பக்கமாகக் கூறுதல் தகாது. வாஷிங்டனின் கருத்தை டு பாய்ஸ் வன்மையாக மறுத்தார். 1903இல் வெளியான தம் நூலில், தொழிற்கல்வியை மட்டுமே பெரிதென்று கொண்டு, வாக்குரிமையையும், குடிமை உரிமையையும், உயர்கல்வியையும் பின்னுக்குத் தள்ளுவது தம் மக்களைத் தாழ்ந்த நிலையிலேயே கட்டிப்போடும் என்று எழுதினார். கறுப்பினப் பிள்ளைக்குத் தோட்டமே போதும், பல்கலைக்கழகம் வேண்டா என்று வெள்ளையருள் பலர் மகிழ்ந்து தலையாட்டியதை அவர் கண்டார். அம்மகிழ்ச்சியே அவருக்கு ஐயத்தைத் தந்தது.

நம் முதியவரின் கேள்வியில் ஒலித்தது டு பாய்ஸின் குரலே. நம் பிள்ளைகளுக்குத் தோட்டம் போதும் என்று எவரேனும் சொல்வாராயின் அதனை நாமும் மறுப்போம். தோட்டம் கல்விக்கு ஈடாக வரலாகாது. கல்வியின் ஒரு பகுதியாகவே வரவேண்டும். இருவருடைய கருத்துகளையும் இணைத்து நோக்கினால் நமக்குக் கிடைக்கும் முதல் தெளிவு இதுவாகும்.

மண்ணைப் படித்த மாமனிதர்

1896இல் டஸ்கிகீக்கு ஓர் அறிவியலாளர் வந்து சேர்ந்தார். அவர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர். அவரும் அடிமையாகப் பிறந்தவரே. ஆய்வுக்கூடம் அமைக்கப் பணம் இல்லை. மாணவர்களை அழைத்துக்கொண்டு குப்பை மேடுகளில் எறியப்பட்ட புட்டிகளையும் பழைய பாத்திரங்களையும் பொறுக்கி வந்து ஆய்வுக் கருவிகளாக மாற்றினார்.

அப்பகுதி மண் ஆண்டுதோறும் பருத்தியே பயிரிட்டுச் சத்திழந்து கிடந்தது. உழவர்களுக்கு உரம் வாங்க வழியில்லை. காட்டில் உதிர்ந்த இலையும், சதுப்பு நிலத்து மக்கிய சேறும் காசில்லாத உரம் என்று கார்வர் காட்டினார். பருத்திக்கு மாற்றாகத் தட்டைப்பயறும், நிலக்கடலையும், சர்க்கரைவள்ளியும் பயிரிடச் சொன்னார். பயறு வகைச் செடிகளின் வேரில் காணும் சிறு முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தை ஈர்த்து மண்ணில் சேர்க்கின்றன. ஆதலின் ஒரு போகம் பயறு விதைத்தால் உணவும் கிடைக்கும், மண்ணும் தேறும். நம் பாட்டிமார் வரப்பில் தட்டைப்பயறு ஊன்றியது வீணன்று என்பதை இங்கே நினைவு கொள்க.

கார்வர் தம் முடிவுகளை எளிய நடையில் சிறு வெளியீடுகளாக எழுதி உழவர்களுக்கு அளித்தார். அவ்வரிசையில் 1910இல் வந்த ஒன்று சிற்றூர்ப் பள்ளிகளில் இயற்கைப் பாடமும் தோட்டக் கலையும் பற்றியது. பள்ளிக்கு வர இயலாத உழவர்களைத் தேடி 1906 முதல் டஸ்கிகீயின் வண்டி ஒன்று ஊர் ஊராகச் சென்றது. கருவிகளும் விதைகளும் ஏற்றிய அவ்வண்டியே நடமாடும் பள்ளி ஆயிற்று. அதே ஆண்டில் தாமஸ் மன்ரோ காம்பெல் என்பவர் அமெரிக்க வேளாண் துறையின் முதல் கறுப்பின விரிவாக்க அலுவலராக அமர்த்தப்பெற்று, அவ்வண்டியின் பணியை ஏற்றார்.

அடிமைக்குத் தெரிந்திருந்தது உழவு வேலை. கார்வரின் மாணவனுக்குத் தெரிந்தது உழவு இயல். வேலையை மட்டும் அறிந்தவன் ஏவுவதைச் செய்வான். காரணத்தை அறிந்தவன் தானே முடிவெடுப்பான். இது நமக்குக் கிடைக்கும் இரண்டாம் தெளிவு.

புதிய உழவர் மன்றம்

1917இல் அமெரிக்க நடுவண் அரசு உயர்நிலைப் பள்ளிகளில் வேளாண் தொழிற்கல்வி நடத்தப் பொருளுதவி செய்யும் சட்டம் ஒன்றை இயற்றியது. அச்சட்டப்படி, வேளாண்மை பயிலும் மாணவன் ஆண்டில் ஆறு மாதமேனும் ஆசிரியர் மேற்பார்வையில் நிலத்தில் பயிற்சி பெற வேண்டும். தென் மாநிலங்களிலோ வெள்ளையர் பள்ளி வேறு, கறுப்பர் பள்ளி வேறு. 1928இல் அமெரிக்க வருங்கால உழவர் என்னும் மாணவர் அமைப்புத் தோன்றியபோது தென்னாட்டுக் கறுப்பின மாணவர்க்கு அதில் இடமில்லை.

அவர்கள் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கவில்லை. அதற்கு முந்திய ஆண்டே, 1927இல், விர்ஜீனியாவில் புதிய உழவர் என்னும் பெயரில் தங்களுக்கென ஒரு மாணவர் அமைப்பைக் கண்டிருந்தனர். பிற மாநிலங்களிலும் அது பரவிற்று. 1935இல் டஸ்கிகீயில் கூடி, அமெரிக்கப் புதிய உழவர் என்னும் நாடளாவிய அமைப்பாக அதனை உயர்த்தினர். கறுப்பு நிற மேற்சட்டையில் பொன்னிற எழுத்து அவர்கள் அடையாளம். சின்னத்தில் கலப்பையும் பருத்திக் காயும் இடம்பெற்றன. தாங்கள் அடிமைப்பட்ட பயிரையே தங்கள் சின்னமாகக் கொண்ட துணிவை என்னென்பது!

அவ்வமைப்பில் பேச்சுப் போட்டியும் நடந்தது, குழுப்பாட்டுப் போட்டியும் நடந்தது. அவை நடத்தும் முறையை மாணவர்கள் கற்றனர். தம் தோட்டத்தின் வரவு செலவைத் தாமே ஏட்டில் பதிந்தனர். உறுப்பினர்க்கு நான்கு படிநிலைகள் வகுக்கப்பட்டிருந்தன. முதற்படி பண்ணையாள். அடுத்தது முன்னேறிய உழவர். மூன்றாவது நவீன உழவர். நான்காவது தலைசிறந்த உழவர். பண்ணையாள் என்ற சொல்லை நாம் நன்கறிவோம். தஞ்சைப் பண்ணையாள்களைக் காக்க 1952இல் ஒரு சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. நம் ஊரில் அச்சொல் ஒருவன் பிறந்து மடியும் நிலையைக் குறித்தது. அம்மன்றத்திலோ அது ஏறி மிதித்துக் கடந்து செல்லும் முதற்படியாக இருந்தது. கற்றான், கணக்கெழுதினான், விளைவித்தான், மேலே ஏறினான். இதனினும் சிறந்த பாடம் வேறென்ன?

இழந்ததன் கணக்கு

இவ்வரலாறு இனிதே முடிந்தது என்று எழுத நமக்கும் ஆசைதான். உண்மை அவ்வாறில்லை. பள்ளிகளில் நிறவேறுபாடு சட்டத்தால் நீக்கப்பட்டதைத் தொடர்ந்து, 1965இல் புதிய உழவர் அமைப்பு வருங்கால உழவர் அமைப்போடு இணைக்கப்பட்டது. அப்போது அதன் உறுப்பினர் 50,000க்கும் மேல். இணைப்பு என்று பெயர். ஆனால் கறுப்புச் சட்டை போயிற்று, சின்னம் போயிற்று, படிநிலைகள் போயின. பெரிய அமைப்பின் பெயரும் நீலச் சட்டையும் நிலைத்தன. பின் வந்த ஆண்டுகளில் கறுப்பின உறுப்பினர் தொகை சரிந்தது. இணைந்த அமைப்பின் தேசியத் தலைவராக முதன்முதலாக ஒரு கறுப்பின மாணவர் 1994இல்தான் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஏறத்தாழ 30 ஆண்டுகள்!

பிரிவினை ஒழிந்தது நன்றே. அதனைக் குறைகூற மாட்டோம். ஆனால் சமமாக இணைவது வேறு, கரைந்து மறைவது வேறு. இவ்வேறுபாட்டை நம் இளைஞர்கள் நெஞ்சில் பதித்துக்கொள்ள வேண்டும்.

நிலத்தின் கதையோ இன்னும் கசப்பானது. 1865 ஜனவரியில் படைத்தளபதி ஷெர்மன் பிறப்பித்த ஆணையால் கரையோர நிலத்தில் குடும்பத்திற்கு 40 ஏக்கர் வரை விடுதலை பெற்றோர்க்கு ஒதுக்கப்பட்டது. அவ்வாண்டு முடிவதற்குள் அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் ஆட்சியில் அந்நிலம் பழைய எசமானர்களிடமே திருப்பித் தரப்பட்டது. பஞ்சமி நிலத்தை அறிந்த நமக்கு இதில் வியப்பொன்றும் இல்லை. அதன் பின்னும் அம்மக்கள் சிறுகச் சிறுகச் சேர்த்து நிலம் வாங்கினர். 1920இல் கறுப்பின உழவர்கள் ஏறத்தாழ 9,25,000 பேர். 1997இல் எடுத்த கணக்கில் 20,000க்கும் குறைவு. நகரை நோக்கிய பெயர்வும், எந்திரங்களின் வரவும், கடன் மறுப்பும், பத்திரம் முறையாக எழுதி வைக்காமையும் இதற்குக் காரணங்கள். வேளாண் துறை கடன் வழங்குவதில் பாகுபாடு காட்டியது என்று கறுப்பின உழவர்கள் தொடுத்த வழக்கு 1999இல் பெரும் இழப்பீட்டு உடன்பாட்டில் முடிந்தது. இழந்த நிலமோ திரும்பவில்லை.

பயிர்த்தொழில் அறிந்தால் மட்டும் போதாது. நிலத்தின் ஆவணத்தையும் சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். இது மூன்றாம் தெளிவு. அண்ணல் அம்பேத்கர் 1918லேயே இந்தியாவின் சிறு நிலவுடைமை பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதினார். 1928இல் மகர்களைக் கொத்தடிமை ஆக்கிய வதன் முறையைத் திருத்தச் சட்ட முன்வரைவு கொணர்ந்தார். 1937இல் கோத்தி முறையை ஒழிக்க மற்றொன்று கொணர்ந்தார். கல்வியையே உயிரென மதித்த அவர் நிலத்தை ஒருநாளும் மறந்தாரில்லை.

நம் தோட்டத்தின் நெறிகள்

இனி நம் பள்ளித் தோட்டத்திற்கு வருவோம். மேற்கூறிய வரலாற்றை மனத்திற்கொண்டு, ஆடிப் பட்டத்திற்கு முன் சில நெறிகளை மன்றத்தார் வகுத்துள்ளனர். அவற்றை இம்மலரில் பதிவு செய்கின்றோம்.

பாட வேளையில் தோட்ட வேலை இல்லை. எந்த மாணவரும் தண்டனையாகத் தோட்டத்திற்கு அனுப்பப்பட மாட்டார். சில பள்ளிகளில் நம் பிள்ளைகளை மட்டும் தேர்ந்து கழிவறை தூய்மை செய்ய ஏவிய கொடுமையை நாடறியும். ஆதலின் இங்கே வேலை முறை வைத்துச் சுழலும். இன்று எருச் சுமப்பவர் நாளை கணக்கெழுதுவார். மாணவர்க்கு ஒரு வேலை, மாணவியர்க்கு ஒரு வேலை என்ற பிரிவும் இல்லை. ஆசிரியரும் மண்வெட்டி பிடிப்பார். வாஷிங்டனின் கோடரி நமக்குக் கற்பித்தது இது.

விதைக்கும் முன் மண்ணைப் படிக்க வேண்டும். தோட்டத்தின் பல இடங்களில் அரை அடி ஆழத்திற்கு ஆங்கில ‘வி’ எழுத்து வடிவில் குழியெடுத்து, பக்கவாட்டு மண்ணைச் சுரண்டிச் சேர்த்துக் கலந்து, அரைக் கிலோ அளவு மண் பரிசோதனை நிலையத்திற்கு அனுப்பியுள்ளனர். விடை வந்ததும் அதனை அறிவியல் வகுப்பில் விளக்குவர். கத்தரி, மிளகாய், தக்காளிக்கு மேட்டுப்பாத்தி நாற்றங்கால். தக்காளி நாற்று 25 நாளிலும், கத்தரி 30 முதல் 35 நாளிலும், மிளகாய் ஏறத்தாழ 40 நாளிலும் பிடுங்கி நடத்தக்கதாகும். நடவுநாள் ஒன்றாக அமைய வேண்டின் விதைக்கும் நாள் வெவ்வேறாக இருக்க வேண்டும் அன்றோ? அக்கணக்கை ஒன்பதாம் வகுப்பு மாணவியர் போட்டுச் சுவரில் ஒட்டியுள்ளனர். வெண்டையும் கொத்தவரையும் நேரே ஊன்றப்படும். புடலும் பாகலும் பீர்க்கும் பந்தலில் ஏறும். வரப்பெங்கும் தட்டைப்பயறு, கார்வரின் நினைவாக.

நிலத்தை அளப்பதும் மன்றத்தின் பாடமே. ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்று ஏட்டில் படித்ததைச் சங்கிலி பிடித்து அளந்து காண்கின்றனர். புலப்படம் எவ்வாறு வாசிப்பது, பட்டாவுக்கும் சிட்டாவுக்கும் அடங்கலுக்கும் வேறுபாடு யாது, அ-பதிவேட்டில் நிபந்தனை நிலம் என்ற குறிப்பு எங்கே காணப்படும் என்பவற்றைக் கழக உறுப்பினரான ஓய்வுபெற்ற வருவாய்த் துறை அலுவலர் ஒருவர் கற்பித்து வருகின்றார். ஒரு மாணவன் வீட்டிற்குச் சென்று, பாட்டனின் தகரப் பெட்டியில் மடித்து வைத்திருந்த பழைய தாளொன்றை எடுத்து வந்து அவரிடம் காட்டினான். அந்நிலம் இன்று யார் கையில் உள்ளது என்பதை அக்குடும்பத்தார் இப்போது விசாரித்து வருகின்றனர். ஒரு தோட்ட மன்றம் இதற்கு மேல் என்ன செய்ய வேண்டும்?

விளையும் காய்கள் பள்ளியின் மதிய உணவுக்குச் செல்லும். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே உலையில் வெந்ததை ஒரே வரிசையில் அமர்ந்து உண்பர். மிஞ்சியதை விற்று வரும் பணம் மன்றத்தின் கணக்கில் சேரும். அதனை எவ்வாறு செலவிடுவது என்பதை மாணவர்களே வாக்களித்து முடிவு செய்வர்.

முதியவருக்கு நம் விடை

ஆக, அன்று எழுந்த கேள்விக்கு இன்று நாம் கூறும் விடை இதுதான். மண்வெட்டி நமக்கு இழிவு தரவில்லை. அது யாருடைய நிலத்தில், யாருடைய ஏவலில், யாருடைய பயனுக்காக வீழ்ந்தது என்பதே இழிவைத் தந்தது. நிலம் நமதாய், அறிவு நமதாய், கணக்கு நமதாய், முடிவு நமதாய் இருக்குமாயின் அதே மண்வெட்டி மானத்தின் கருவி ஆகும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் பெரியவரின் அச்சம் நியாயமானதே. அவர் கேள்வியை நம் மன்றம் ஆண்டுதோறும் தன்னைத் தானே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இளைஞர்களே! உங்களுள் ஒருவர் மருத்துவராகலாம், ஒருவர் ஆட்சியராகலாம், ஒருவர் வேளாண் அறிஞராகலாம், ஒருவர் சொந்த நிலத்தின் உழவராகலாம். எதுவாயினும் அது உங்கள் தேர்வாக இருக்கட்டும். பிறப்பு உங்களுக்காகத் தேர்ந்தெடுத்த காலம் முடிந்தது.

அப்பெரியவர் சென்ற வாரம் தோட்டத்திற்கு வந்திருந்தார். நெடுநேரம் ஒன்றும் பேசாது நின்றார். பிறகு நாற்றங்காலின் அருகே குனிந்து, ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் நொறுக்கிப் பார்த்து, “ஈரம் பத்தாது, இன்னும் ரெண்டு நாள் பொறுத்து விதைங்க” என்றார். மாணவியொருத்தி உடனே அதனை மன்றக் குறிப்பேட்டில் எழுதி, அவர் பெயரையும் நாளையும் கீழே குறித்தாள். அறுபது ஆண்டுகள் பிறர் நிலத்தில் உழைத்த அவர் அறிவு, முதன்முறையாக அவர் பெயரோடு ஏட்டில் ஏறிற்று.